தாழம்பூ சொன்ன சாட்சி

கிழக்கு நோக்கிய சிவாலயங்களில் மூலவரை வலம் வரும்போது, கருவறையின் மேற்குப் புறச்சுவரில் ஒரு மாடத்தைக் காண்போம். நெருப்புத் தூணின் நடுவே பெருமான் தோன்றி நிற்க, மேலே ஓர் அன்னம் பறந்து செல்லும்; கீழே ஒரு பன்றி நிலத்தை அகழ்ந்து செல்லும். லிங்கோத்பவர் என்று நாம் வணங்கும் திருவுருவம் அது. தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்திவிட்டு, துர்க்கைக்கு விளக்கேற்ற விரையும் அவசரத்தில், இடையில் உள்ள இந்த மாடத்தை நம்மில் பலர் ஒரு கும்பிடோடு கடந்து விடுகிறோம்.

திருவண்ணாமலைத் தலபுராணம் உரைக்கும் அந்த வரலாற்றை நாம் அறிவோம். தம்முள் யார் பெரியவர் என்ற போட்டி திருமாலுக்கும் பிரம்மதேவருக்கும் எழுந்தது. அவ்வேளையில் அடியும் முடியும் அறிய இயலாத சோதிப் பிழம்பாகச் சிவபெருமான் எழுந்து நின்றார். அடியைத் தேடித் திருமால் வராகமாகி நிலத்தைக் குடைந்து சென்றார். முடியைத் தேடிப் பிரம்மதேவர் அன்னமாகிப் பறந்தார். எவ்வளவு தொலைவு சென்றும் எல்லை தென்படவில்லை. திருமால் திரும்பி வந்து, தம்மால் காண இயலவில்லை என்று உண்மையை உரைத்தார். பிரம்மதேவரோ, மேலிருந்து வீழ்ந்துகொண்டிருந்த தாழம்பூ ஒன்றைக் கண்டு, தாம் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லும்படி வேண்டினார். தாழம்பூவும் இசைந்தது. பொய்யுரைத்த பிரம்மதேவருக்குப் பூவுலகில் கோயில் அரிதாயிற்று. பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ, பொதுவாகச் சிவபூசைக்கு ஆகாத மலராயிற்று.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது தாழம்பூவின் நிலையை. அது பகைவரின் கையில் இருந்த கருவி அன்று. பெருமானின் திருமுடியிலேயே இருந்த மலர் அது. மணத்தில் குறைவற்றது. அவரோடு அத்துணை நெருக்கமாக இருந்த ஒன்று சொன்னாலும் பொய் பொய்தான் என்று பெருமான் அதைத் தள்ளினார். தம் பெயரால் சொல்லப்படும் பொய்யை இறைவன் ஏற்பதில்லை என்பதே இதன் உட்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம் கைப்பேசிகளில் நாள்தோறும் தாழம்பூக்கள் வந்து விழுகின்றன.

திருநள்ளாற்றின் மேல் நிற்காத செயற்கைக்கோள்

அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருநள்ளாறு சனீசுவர பகவான் சந்நிதிக்கு நேர்மேலே வரும்போது, விண்ணில் செல்லும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி செயலிழந்து நின்று விடுகின்றனவாம். அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகள் இதைக் கண்டு திகைத்துப் போனார்களாம். இச்செய்தி பல ஆண்டுகளாக உலா வருகிறது. சனிப்பெயர்ச்சி நெருங்கும் போதெல்லாம் புதிய படங்களோடு மறுபடியும் வருகிறது. படித்த உடனே கைகூப்பி, மகனுக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் அனுப்பி வைக்கும் பெரியோர் பலர்.

பொறியியல் படிக்கும் பேரன் இதைப் பார்த்தால் என்ன எண்ணுவான்? பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தை ஒருமுறை வலம் வந்து விடுகிறது. அந்த வேகமே அதனைக் கீழே விழாமல் தாங்குகிறது. உண்மையாகவே அது நின்று போனால், மூன்று விநாடி கழித்துப் பழைய வேகத்தில் கிளம்ப முடியாது. பூமியை நோக்கி விழத் தொடங்கிவிடும். நம் தொலைக்காட்சிக்கு உதவும் செயற்கைக்கோள்கள் வேறு வகையின. அவை நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு இணைந்து செல்வதால் ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும். திருநள்ளாறோ நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே அவையும் அத்தலத்தின் நேர்மேலே நிற்பதற்கில்லை.

இவ்வளவையும் பேரன் தன் மனத்துக்குள் ஒரு நிமிடத்தில் கணக்கிட்டு விடுவான். நம் முன் சொல்ல மாட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை. ஆனால் அவன் உள்ளத்தில் ஒரு முடிவு விழுந்துவிடும். 'தாத்தா அனுப்பிய இது பொய். அப்படியானால் தாத்தா சொன்ன மற்றவையும் இப்படித்தானோ?' என்பதே அது. நளன் கதையும், தர்ப்பாரண்யேசுவரரும், நெருப்பிலிட்டும் வேகாத ஞானசம்பந்தரின் பச்சைப் பதிகமும் அந்த ஒரு பொய்யின் பின்னே வரிசையாகத் தள்ளப்பட்டு விடும்.

வங்கியில் பணியாற்றிய காலத்தில் நாங்கள் கைக்கொண்ட வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. நூறு தாள்கள் கொண்ட கட்டில் ஒரே ஒரு கள்ள நோட்டு தென்பட்டால், அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே ஏற்க மாட்டோம். மீதமுள்ள 99 தாள்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். நல்ல நோட்டுகள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. கள்ள நோட்டோடு சேர்ந்து வந்ததே அவற்றின் குறை. இளைய தலைமுறையும் நம் பக்தியை இப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறது. அவர்கள் மீது சினம் கொள்வதில் பயனில்லை. கட்டில் கள்ள நோட்டைச் செருகாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

பாதி உண்மை

முழுப் பொய்யைக் காட்டிலும் பாதி உண்மை ஆபத்தானது. பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே தீர்க்கரேகையில் அமைந்துள்ளன என்றொரு செய்தி உண்டு. காளத்தி, காஞ்சி, தில்லை ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பது உண்மை, வியப்புக்குரியதும் கூட. திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அக்கோட்டிலிருந்து வெகுவாக மேற்கே விலகியிருக்கின்றன. வரைபடத்தை விரித்தால் எவரும் காணலாம். மூன்று என்று சொன்னாலே போதிய பெருமை. ஐந்து என்று நீட்டியதால் அந்த மூன்றும் ஐயத்துக்கு உள்ளாகின்றன.

அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் 1980-இல் வெளிவந்த 'காஸ்மாஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில், சோழர் கால நடராசர் திருவுருவைக் காட்டி வியந்து பேசினார். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்பது நம் புராணக் கணக்கு. இன்றைய அறிவியல் கணக்கில் பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். இத்தகைய பேரளவில் காலத்தைச் சிந்தித்த சமயம் இந்து சமயம் என்று அவர் புகழ்ந்தது மெய். ஆனால் அதே வாக்கியத்தில், இந்த ஒற்றுமை தற்செயலானது என்பதில் ஐயமில்லை என்றும் அவர் சொன்னார். நமக்கு வரும் செய்திகளில் புகழுரை மட்டும் இருக்கும். தற்செயல் என்ற சொல் வழியிலேயே உதிர்ந்து போயிருக்கும்.

ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் திருவுருவம் ஒன்று 2004 முதல் நிற்கிறது. அது நம் இந்திய அரசு அளித்த பரிசு. இரு தரப்புக்கும் உள்ள நல்லுறவின் அடையாளம். அணுத்துகள்களின் இடையறாத அசைவுக்குக் கூத்தப்பெருமானின் ஆட்டம் அழகிய உவமை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அங்குள்ள விஞ்ஞானிகள் சிவபெருமானே அணுவின் மூலம் என்று ஆராய்ந்து முடிவு கட்டிவிட்டார்கள் என்பது நாம் சேர்த்துக்கொண்டது. உவமை வேறு, நிரூபணம் வேறு. சந்திரனைப் போன்ற முகம் என்று பாடிய புலவர், அம்முகத்தில் பள்ளங்கள் இருப்பதாகச் சொல்லவில்லை.

ஒரு பாதிரியார் காட்டிய வழி

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத்தக்க பெரியவர் ஒருவர் வேற்றுச் சமயத்தில் இருந்தார். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். கணிதத்திலும் இயற்பியலிலும் வல்லவர். பிரபஞ்சம் விரிந்துகொண்டே செல்கிறது என்பதை 1927-இல் கணக்கிட்டு எழுதினார். ஐன்ஸ்டைன் முதலில் அதை ஏற்கவில்லை. விரிவதைப் பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரு சிறு மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று 1931-இல் லெமைத்ர் எடுத்துரைத்தார். இன்று பெருவெடிப்பு என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருக்கும் கொள்கையின் தொடக்கம் அதுவே.

1951-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அன்றைய போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், புதிய அறிவியல் கண்டுபிடிப்புகள் உலகம் படைக்கப்பட்டதென்ற வேத வாக்குக்குச் சான்று பகர்கின்றன என்ற கருத்துப்பட உரையாற்றினார். தம் கொள்கைக்குத் தம் சமயத் தலைவரே மகுடம் சூட்டுகிறார் என்றால், வேறொருவர் மகிழ்ந்து போயிருப்பார். லெமைத்ர் வருந்தினார். அறிவியல் கொள்கை இன்று ஒன்று சொல்லும், நாளை புதிய சான்று கிடைத்தால் மாறும். அதன் மேல் கடவுள் நம்பிக்கையைக் கட்டினால், கொள்கை சாயும் நாளில் நம்பிக்கையும் சாயும் என்பது அவர் கவலை. அறிவியலும் சமயமும் உண்மையை நோக்கிச் செல்லும் இரு பாதைகள். ஒன்றை மற்றொன்றுக்கு முட்டுக்கொடுக்கும் கம்பாக ஆக்கக் கூடாது என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். மறு ஆண்டு உரோமில் கூடிய வானியல் அறிஞர்களிடம் பேசியபோது, போப்பாண்டவர் அந்தக் கருத்தை மீண்டும் வலியுறுத்தவில்லை.

லெமைத்ர் நம்பிக்கை தளர்ந்தவர் அல்லர். இறுதிவரை பாதிரியாராகவே வாழ்ந்தார். பெருவெடிப்பின் எஞ்சிய வெப்பம் விண்ணெங்கும் பரவியிருப்பதை இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி, 1966-இல் அவர் மறைவதற்குச் சற்று முன்பாகவே அவர் செவிக்கு எட்டியது. தம் கணக்கு மெய்ப்பட்டது கண்டு அவர் நிறைவுற்றார். அந்நிலையிலும் அதைத் தம் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்தவில்லை.

நம்மிடம் உள்ள மெய்ச்சாட்சிகள்

அப்படியானால் நம் முன்னோருக்கு அறிவியல் பெருமை எதுவும் இல்லையா என்று அன்பர்கள் வினவலாம். நிறைய உண்டு. அவை பொய்யின் துணையை வேண்டாதவை.

வாரன் என்ற வெள்ளைக்காரத் தளபதி ஒருவர் இருந்தார். சென்னை வானாய்வகத்திலும் பணியாற்றியவர். 1825-இல் தாம் வெளியிட்ட நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரர் தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தை அவர் கணித்ததில் பிழை 4 நிமிடமே. நடுப்பகுதியில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்தது. இந்தப் பிழைகளையும் சேர்த்துச் சொல்வதால்தான் அந்த 4 நிமிடத்தின் அருமை நமக்கு விளங்குகிறது. எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பு அந்தச் சோழிகளில் இருந்தது.

சனி பகவானையே எடுத்துக்கொள்வோம். ஓர் இராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு வீதம் பன்னிரண்டு இராசிகளைக் கடக்கச் சுமார் முப்பது ஆண்டு என்பது நம் பஞ்சாங்கக் கணக்கு. சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றி வர இருபத்தொன்பதரை ஆண்டு என்று இன்றைய வானியல் அளக்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால், தாத்தா தொடங்கியதைப் பேரன் தொடர்ந்து பார்த்துக் குறித்து வைத்த உண்மை இது. செயற்கைக்கோளை நிறுத்திக் காட்டுவதை விட இது பேரனுக்குச் சொல்லத் தக்க செய்தி.

கணித மேதை இராமானுஜனை விட்டுவிட முடியுமா? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தமக்குக் கணிதத்தை உணர்த்துவதாக அவர் சொல்லி வந்தார். கேம்பிரிட்ஜில் அவரோடு உழைத்த பேராசிரியர் ஹார்டி கடவுள் நம்பிக்கை அற்றவர். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு இருவரும் சேர்ந்து சூத்திரம் ஒன்றைக் கண்டார்கள். 200 என்ற எண்ணுக்கு அவ்விதங்கள் ஏறத்தாழ 4 லட்சம் கோடி. மக்மகான் என்ற மற்றோர் அறிஞர் அதனைத் தனியே கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். சூத்திரம் தந்த விடை அவர் கணக்கோடு ஒத்துப் போயிற்று. தாயார் சொன்னார், ஆகவே சரி என்று இராமானுஜன் ஆய்வேடு எழுதவில்லை. ஹார்டியும் அவர் திருநீற்றையோ திருமண்ணையோ பார்த்து விடையைத் தள்ளவில்லை. தாயாரின் திருவருள் இராமானுஜனின் உள்ளத்துக்கு உரியதாக இருந்தது. நிரூபணம் உலகத்தார் அனைவருக்கும் உரியதாக இருந்தது. திருவண்ணாமலைக்கு வடமேற்கே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்கு இராமானுஜன் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

இத்துணைப் பெரிய அண்டத்தில் என் அர்ச்சனை

இனி, இளையோர் கேட்கும் கடினமான கேள்விக்கு வருவோம். பிரபஞ்சம் இவ்வளவு பெரிதாக இருக்க, அதில் ஓர் ஊரில், ஒரு தெருவில், ஒரு பாட்டி ஐந்து ரூபாய்க்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கி, பேரன் பெயரும் நட்சத்திரமும் சொல்வதைக் கடவுள் கவனிக்கிறார் என்பது நம்பத்தக்கதா?

கேள்வியின் கனத்தை முதலில் நாம் உணர வேண்டும். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, சூரியனிலிருந்து நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. சூரியனுக்கு அடுத்த விண்மீனிலிருந்து வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் பால்வெளி மண்டலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கடக்க ஏறத்தாழ 1 லட்சம் ஆண்டுகள். அதில் உள்ள விண்மீன்கள் குறைந்தது 10,000 கோடி. கார்த்திகை மாதத்து முன்னிரவில், விளக்கொளி இல்லாத ஊரில், வடக்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்த்தால், உத்திரட்டாதி விண்மீனுக்கு அப்பால் மங்கிய பஞ்சுத் துணுக்கு ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆண்ட்ரோமெடா என்னும் வேறொரு மண்டலம் அது. அங்கிருந்து இன்று நம் கண்ணில் படும் ஒளி, சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அப்போது மனித இனமே தோன்றவில்லை.

1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாயேஜர்-1 விண்கலம் திரும்பிப் பார்த்து நம் பூமியைப் படம் எடுத்தது. சூரிய ஒளிக்கீற்று ஒன்றில் மிதக்கும் தூசி போல, ஒரு புள்ளிக்கும் குறைவாக அதில் பூமி தெரிகிறது. காசியும் இராமேசுவரமும், அரசர்களும் அடியார்களும், நம் வீட்டுப் பூசையறையும் அந்தத் தூசிக்குள் அடக்கம்.

மாணிக்கவாசகப் பெருமான் திருவண்டப் பகுதியில் அளவிறந்த அண்டங்களைப் பேசுகிறார். இல்லத்துள் நுழையும் கதிரொளியில் தெரியும் நுண்தூசிகளை அவற்றுக்கு உவமை காட்டுகிறார். அந்தப் படத்தைப் பார்க்கும் சிவனடியார்க்கு இவ்வுவமை நினைவுக்கு வருவது இயல்பு. உடனே, மணிவாசகர் வாயேஜரை அன்றே கண்டார் என்று எழுதிவிடக் கை துடிக்கும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அவர் வானியல் சொல்ல வரவில்லை. அண்டங்கள் அனைத்தும் தூசியாகும் அளவுக்குப் பெரியவனான ஒருவன், தூசியிலும் தூசியான தம்மை வந்து ஆட்கொண்டானே என்று உருகினார். அண்டம் எத்துணைப் பெரிதாகிறதோ, அந்த உருக்கமும் அத்துணைப் பெரிதாகிறது. இன்றைய இளைஞனைத் தளரச் செய்யும் அதே பேரளவு, அவரை அழுது தொழச் செய்தது.

அளவைக் கொண்டு மதிப்பை நிறுக்க இயலாது என்பதை நம் கோயில் அமைப்பே கற்பிக்கிறது. திருவண்ணாமலையின் இராசகோபுரம் 217 அடி. அதைக் கடந்து உள்ளே செல்லச் செல்லக் கோபுரங்கள் சிறுத்துக்கொண்டே போகும். இறுதியில் நாம் சேரும் கருவறை மிகச் சிறியது, இருள் சூழ்ந்தது, ஒரு சுடரின் ஒளியே அங்குப் போதும். கோபுரம் பெரிது என்பதால் கருவறையை யாரும் அற்பம் என்று எண்ணுவதில்லை. அதுபோல, விண்மீன் பெரிது என்பதால் அதைக் கண்டு வியக்கும் மனிதன் அற்பன் ஆகிவிட மாட்டான். நம் குருதியில் உள்ள இரும்பும் எலும்பில் உள்ள சுண்ணமும், பண்டைய விண்மீன்களின் உள்ளே உருவானவை என்று அறிவியல் கூறுகிறது. அந்த விண்மீன்களுக்குத் தம் வயது தெரியாது. அதைக் கணக்கிட்டவன் மனிதன்.

அப்படியாயின் பாட்டியின் அர்ச்சனை கேட்கப்படுகிறதா? கேட்கப்படுகிறது என்பது என் நம்பிக்கை. எந்தக் கருவியாலும் அதை நான் காட்ட இயலாது. காட்ட இயலாததை நம்பிக்கை என்றே அழைப்பதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை. தில்லையில் திரை விலகும்போது அங்கு உருவம் எதுவும் இல்லை. வெட்டவெளியும் பொன் வில்வ மாலையும் மட்டுமே. இதோ பார், இதுதான் சான்று என்று நம் பெரியோர் அங்கு எதையும் வைக்கவில்லை. அறிய இயலாததை அறிய இயலாததாகவே வைத்து வணங்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

மறுபக்கத்துத் தாழம்பூ

பொய்ச்சாட்சி நம் பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று முதன்முதலாக விண்வெளிக்குச் சென்ற இரஷ்யர் யூரி ககாரின், அங்கே கடவுளைக் காணவில்லை என்று சொன்னதாக மேடைதோறும் முழங்கக் கேட்டிருப்பீர்கள். விண்வெளியிலிருந்து அவர் பேசிய பதிவுகளில் அப்படியொரு சொல் இல்லை. அவர் சென்ற உயரம் மிகுதியாகப் போனால் 327 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் சாலையின் தொலைவு ஏறத்தாழ அவ்வளவே. அண்டத்தின் அளவை மேலே பார்த்தோம். அதில் திருச்சி வரை போய்விட்டு, முடியைக் கண்டேன், அங்கே ஒருவரும் இல்லை என்பது எத்தகைய சாட்சி?

நல்ல அறிவியலாளர் அவ்வாறு பேசுவதில்லை. இதுவரை சென்றேன், இதுவரை தெரிகிறது, இதற்கு மேல் தெரியவில்லை என்பார். அடியைக் காணாது திரும்பிய திருமாலின் வாக்கும் அதுவே. அதனால்தான் அறிவியலை இறை நம்பிக்கைக்குப் பகை என்று நான் கருதுவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று கூறும் நேர்மை எங்கு இருந்தாலும், அது லிங்கோத்பவர் மாடத்துக்கு எதிரே நிற்கத் தகுதி உடையது.

பெரியோர் செய்யத் தக்கது

அன்பர்களுக்கு என் விண்ணப்பம் எளியது. இறைவன் பெருமை கூறும் செய்தி எதுவாயினும், கைப்பேசியில் வந்தவுடன் பிறர்க்கு அனுப்ப வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், இது மெய்யா பார்த்துச் சொல் என்று கேளுங்கள். அவன் பொய் என்று சொன்னால் மனம் நோகாதீர்கள். நன்றி சொல்லி அழித்து விடுங்கள். பொய்யைத் தாத்தாவே தள்ளுகிறார் என்று கண்ட பிள்ளை, தாத்தா வைத்துக்கொண்டதை மதிப்போடு நோக்குவான்.

பிறகு அவனைத் திருநள்ளாற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். நளதீர்த்தக் கரையில் அமர்ந்து, நாட்டையும் மனைவியையும் உருவத்தையும் இழந்த ஓர் அரசன் இத்தலத்தில் துயர் நீங்கிய வரலாற்றைச் சொல்லுங்கள். சனிக்கோள் முப்பது ஆண்டில் வானைச் சுற்றி வரும் கணக்கையும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துன்பமும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை, நகர்ந்து செல்லும் என்பதை அவன் தானே கண்டுகொள்வான்.

இதுவரை தெரியாமல் அனுப்பிய செய்திகள் பலவாயிற்றே என்று எவரும் கலங்க வேண்டியதும் இல்லை. பாண்டி நாட்டு உத்தரகோசமங்கையில் மட்டும் தாழம்பூவைப் பெருமான் ஏற்றருள்கிறார். பிழையுணர்ந்து வந்த மலரை அங்கு அவர் தள்ளவில்லை என்பது தலத்தின் நம்பிக்கை. அடுத்த முறை சிவாலயம் செல்லும்போது மேற்கு மாடத்தின் எதிரே ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். அன்னத்தையும் பன்றியையும் பேரனுக்குக் காட்டி, இருவருள் யார் மெய் சொன்னார் என்று அவனையே கேளுங்கள்.